வாய்பொத்திச் சிரித்த வருடங்கள்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நானும் உன் அத்தாவும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். வழி நெடுக அவர் உன் கல்யாண வேலைகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். மஹாலுக்குச் சொல்லியாயிற்று, பந்திக்கு யார் நிற்பது, பெண் வீட்டிலிருந்து எத்தனை பேர் வருவார்கள் என்று. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அன்று மத்தியானம் நீ கொய்யாப்பழம் கடித்ததுதான் கண்ணுக்குள் நின்றுகொண்டிருந்தது. நல்ல ஆயக்குடிக் கொய்யா, உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்தது. ஒரு கடி கடித்துவிட்டுப் பழத்தைக் கையில் வைத்தபடி பந்தல்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். கடித்த இடத்தில் பல் பதிந்த வரிசையில் மெல்லிசாகச் சிவப்பு ஓடியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் பழத்தைத் திருப்பி மறுபக்கம் கடித்தாய். "என்னப்பா ரத்தம்?" என்று கேட்டேன். "அது ஒண்ணுமில்லம்மா. பிரஷ் பண்ணும்போதும் லேசா வரும். தானா நின்னுரும்" என்றாய்.

அந்த வார்த்தைகளை நீ யாரிடமிருந்து கற்றாய் என்று எனக்குத் தெரியும். பதினாறு வருடம் இந்த வீட்டில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். போனில் கூப்பிட்டு டாக்டரிடம் போ என்றால் "சரிம்மா" என்பாய். அதோடு முடிந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் சில விஷயங்கள் உனக்குத் தெரியாது. ஒன்று உனக்குத் தெரியும், ஆனால் நாம் இரண்டு பேரும் அதைப் பேசியதே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் பேசிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

நீ என் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோதுதான் எனக்கு முதன்முதலில் ஈறில் ரத்தம் வந்தது. பல் தேய்த்துத் துப்பினால் தண்ணீர் சிவப்பாகப் போனது. பயந்துபோய் என் மாமியாரிடம், உன் அத்தாவின் அம்மாவிடம், காட்டினேன். "வயித்துல புள்ள இருந்தா அப்புடித்தான். பெத்துட்டாச் சரியாப்போகும், சும்மா இரு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நீ பிறந்தாய், ரத்தம் நிற்கவில்லை. ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் பட்டால்தானே வருகிறது என்று அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தை அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. புண்ணைக் கழுவாமல் விட்டுவிட்டு, புண் இல்லாத இடத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு ஐந்து வேளை தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்கிறேன், ஒவ்வொரு வேளையும் மூன்று தடவை வாய் கொப்பளிக்கிறேன், என் வாயைவிடச் சுத்தமான வாய் எது என்று நினைத்தேன். தண்ணீர் மேலோடு போகும், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருப்பது போகாது என்பது எனக்குத் தெரியவில்லை.

அப்போது நான் கடைவீதி ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் நின்றேன். உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கேதான் வருவாய். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சேலையை விரித்துக் காட்டுவது பெரிய வேலையில்லை. கொசுவம் வைத்து, வந்தவர்கள் தோளில் போட்டு, கண்ணாடி முன்னால் அவர்களோடு சேர்ந்து நின்று, "இந்த நெறம் ஒங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்கும்மா" என்று காதருகில் சொல்ல வேண்டும். சேலை விற்பது அந்த ஒரு அடி நெருக்கத்தில்தான். கொஞ்ச காலமாக அந்த ஒரு அடி எனக்குக் கிடைக்காமல் போனது. நான் கிட்டே போனால் அவர்கள் லேசாகப் பின்னால் நகர்ந்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலை கேட்டார்கள். முக்காடு போட்டவளிடம் வாங்க யோசிக்கிறார்கள் போல என்று ஒரு நாள் நினைத்தேன். முகத்தில் வயசு தெரிகிறதோ என்று இன்னொரு நாள். ஏலக்காய் மென்றேன், கிராம்பு மென்றேன். உள்ளுக்குள் எனக்குத் தெரிந்துதான் இருந்தது, தம்பி. தெரியாதவள் எதற்கு ஏலக்காய் மெல்லப் போகிறாள்?

இனி உனக்குத் தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு அப்போது ஆறு வயது. பேகம்பூரில் என் சித்தி மகள் கல்யாணம். பெண்கள் பக்கம் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நீ ஓடி வந்தாய். புதுச் சட்டை, தலையில் தொப்பி, உதட்டோரம் பீர்னிப் பாயசம். உன்னை இழுத்து மடியில் வைத்து, முகத்தோடு முகம் வைத்து, "சாப்ட்டியா ராசா?" என்று கேட்டேன். நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒன் வாய் நாறுதும்மா" என்றாய். சத்தமாகத்தான் சொன்னாய். குழந்தைக்கு மெதுவாகச் சொல்லத் தெரியுமா? என் பக்கத்தில் இருந்த பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எல்லோரும் ஒரே நேரத்தில் வேறெங்கோ பார்த்தார்கள். அப்போதுதான் புரிந்தது, அவர்கள் எல்லோருக்கும் இது முன்பே தெரியும் என்று.

உன் கன்னத்தில் அறைந்தேன். ஐந்து விரலும் பதிந்தது. "பெரியவங்கள்ட்ட இப்புடித்தான் பேசுவியா? இதத்தான் படிச்சியா?" என்று கத்தினேன். உனக்கு மரியாதை சொல்லிக்கொடுப்பதாக எல்லோரும் நம்ப வேண்டுமே. நீ அழவில்லை. கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு என்னையே பார்த்தாய். தொப்பி கீழே விழுந்து கிடந்தது, உன் பெரியம்மாதான் எடுத்துப் போட்டுவிட்டாள். நீ பொய் சொல்லியபோதெல்லாம் நான் உன்னை அடித்ததில்லை. எத்தனையோ பேர் என் முகத்துக்கு நேரே மறைத்ததைச் சொன்ன ஒரே ஒரு ஆளை அடித்தேன். அதன் பிறகு நீ என் வாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது மட்டுமில்லை. எட்டாம் வகுப்பில் கணக்கில் தவறியதை என்னிடம் சொல்லாமல் உன் அத்தாவிடம் சொன்னாய். சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை வீங்கியதை இரண்டு நாள் மறைத்தாய். எதைச் சொல்ல வந்தாலும் முதலில் என் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொள்வாய். நீ கவனித்திருக்க மாட்டாய். நான் கவனித்தேன்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அக்கா, நாளையிலருந்து மேல குடோன்ல பாத்துக்கங்க. ஸ்டாக் அடுக்க நம்பிக்கையான ஆள் வேணும்" என்றார். சம்பளத்தைக் குறைக்கவில்லை. நல்ல மனுஷர், காரணம் மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எட்டு வருடம் மாடியில் துணிக்கட்டுகளோடு இருந்தேன். சிரிக்க வேண்டி வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். பேச வேண்டி வந்தால் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டேன். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் எனக்கு நிம்மதி. ரமலானில் எல்லோர் வாயும் காய்ந்து கிடக்கும், யாரும் யாரையும் குறையாக நினைக்க மாட்டார்கள். நோன்பாளியின் வாய் வாடைக்கு அல்லாஹ்விடம் தனி மதிப்பு உண்டு என்று ஹஜரத்தின் பயானில், அந்தப் பிரசங்கத்தில், கேட்கும்போது கண் கலங்கும். அந்த மதிப்புக்குப் பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டேன். பெருநாள் பிறை தெரிந்ததும் ஊரே சந்தோஷப்படும், நான் மட்டும் மறுபடியும் ஏலக்காய் டப்பாவைத் தேடுவேன்.

உன் அத்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. பச்சைத் தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாடையோடு சாயங்காலம் வாசலுக்கு வருவார். நான் உள்ளேயிருந்தே குரல் கொடுப்பேன்: "அப்புடியே நில்லுங்க. குளிச்சிட்டு உள்ள வாங்க. கொடலப் புடுங்குது." ஒரு நாள்கூட அவர் முகம் சுளித்ததில்லை. சிரித்துக்கொண்டே நேராகக் குளிக்கப் போவார். நான் இருபது வருடம் தினமும் அவரிடம் அவர் வாடையைச் சொன்னேன். அவர் ஒரு நாளும் என்னிடம் என் வாடையைச் சொல்லவில்லை. பேசும்போது ஜன்னலைப் பார்ப்பார். படுத்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவருக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். அந்த நினைப்பிலேயே சோற்றைப் போட்டேன், அந்த நினைப்பிலேயே சண்டையும் போட்டேன். நீ ஹாஸ்டலில் சேர்ந்து படிக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்ததற்கு எங்கள் சண்டைதான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

நீ பிளஸ் ஒன் படிக்கும்போது எனக்குக் கீழ்த்தாடை வீங்கிக் காய்ச்சல் வந்ததே, அன்றைக்குத்தான் எல்லாம் மாறியது. ஈறில் சீழ் கட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் பெரியாஸ்பத்திரியில் பல் பிரிவுக்குப் போனேன். டாக்டர் சின்னப் பெண், பழனிப் பக்கம். நாற்காலியைச் சாய்த்து, விளக்கைத் திருப்பி, என் முகத்துக்கு அரை அடி தூரத்தில் குனிந்தாள். நான் பழக்கத்தில் முகத்தைத் திருப்பினேன். அவள் என் தாடையை மெதுவாகப் பிடித்து நேராக்கினாள். "ஏனுங்க அக்கா, ரத்தம் எத்தன நாளா வருதுங்க?" என்றாள். "எம்மகன் வயித்துல இருக்கும்போதுலருந்து" என்றேன். "அவருக்கு இப்ப என்ன வயசுங்க?" "பதினாறு." அவள் கையிலிருந்த சின்னக் கண்ணாடி அப்படியே நின்றது. பிறகு, "வாய் வாடை இருக்குமேங்க. வீட்ல யாரும் சொல்லலீங்களா?" என்று கேட்டாள். திட்டுவதுபோல இல்லை, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள். நான் வாயைத் திறந்தபடியே அழுதேன். கண்ணீர் காதுக்குள் போனது. எனக்கு நெருக்கத்தில் வந்து ஒரு ஆள் பேசி அத்தனை வருடம் ஆகியிருந்தது.

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். அதையும் அவளிடம் சொன்னேன். "பல்லுல படிஞ்சிருக்கிற காரை கல்லு மாதிரிங்க அக்கா. அதுதான் ஈறக் கீழ தள்ளி எலும்ப அரிச்சிருக்குது. அத எடுத்தா ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளிய தெரியும், அவ்வளவுதானுங்க" என்றாள். மரத்துப்போக ஊசி போட்டு, நாலைந்து தடவையாக வரச் சொல்லி, ஈறுக்கு அடியில் இருந்ததையெல்லாம் எடுத்தாள். மூன்று பற்களைக் காப்பாற்ற முடியவில்லை. எனக்கு அதுவரை வலியே இருந்ததில்லை, அதுதான் இந்த நோயின் தந்திரம் என்றாள். சொத்தைப் பல் வலித்துக் கூப்பிடும், ஈறு கூப்பிடாது, ரத்தத்தை மட்டும் காட்டும். சர்க்கரையையும் பார்த்துவிடச் சொன்னாள். பார்த்தேன், கூடுதலாக இருந்தது. ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது, சர்க்கரை அடங்காவிட்டால் ஈறு கெடும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

முதல் நாள் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம் உன் அத்தா வாசலுக்கு வந்தார். நான் நில்லுங்க என்று சொல்லவில்லை. அப்படியே உள்ளே வரவிட்டு, "என் வாய் நாறுனது ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "தெரியும்" என்றார். "நான் தெனமும் ஒங்களச் சொன்னேன்ல? நீங்க ஏன் சொல்லல?" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்னோடது வேல நாத்தம் புள்ள. சோப்பப் போட்டாப் போயிரும். உன்னோடதச் சொன்னா உன்னையே சொன்ன மாதிரி ஆயிருமே. நம்ம புள்ள சொன்னதுக்கே அவன அம்புட்டு அடி அடிச்ச. நான் சொன்னா நீ எங்கிட்டப் பேசுறதையே நிறுத்திருவியோன்னு பயம்." என்னை நோகடிக்கக் கூடாது என்று அவர் திரும்பிப் படுத்தார், அவருக்கு நான் வேண்டாம் என்று நினைத்து நான் திரும்பிப் படுத்தேன். நடுவில் பத்து, பன்னிரண்டு வருடம் போய்விட்டது. அதை எந்த டாக்டரும் திருப்பித் தர முடியாது.

அந்தச் சிகிச்சை முடிந்து, ஒரு கட்டுப் பல்லும் வைத்து, இரண்டு மாதம் கழித்து நானே முதலாளியிடம் போய், "என்ன மறுபடியும் கீழ போடுங்கண்ணே. ஏன் மேல அனுப்புனீங்கன்னு எனக்குத் தெரியும். இப்ப சரியாயிருச்சு" என்றேன். அவர்தான் வெட்கப்பட்டார். மறுபடியும் கீழே நின்ற முதல் நாள், தாடிக்கொம்பிலிருந்து ஒரு கல்யாணப் பெண் அம்மாவோடு வந்திருந்தாள். அரக்கு நிறப் பட்டுச் சேலையை அவள் தோளில் போட்டேன். அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, "அக்கா, எங்கம்மாவுக்கு இந்தக் கலர் புடிக்காது, நீங்களே எடுத்துச் சொல்லுங்களேன்" என்று என் காதில் கிசுகிசுத்தாள். நானும் அவள் காதில் பதில் சொன்னேன். அவள் நகரவில்லை. அது ஒரு பெரிய விஷயமா என்று நீ கேட்கலாம். வீட்டுக்கு வந்து உன் அத்தாவிடம் அதை மூன்று தடவை சொன்னேன்.

அதனால், நான் சொல்வதைக் கேள். ரத்தம் வருகிறது என்றால் அந்த இடத்தை விடாதே, அங்கேதான் பிரஷ் போக வேண்டும். ஆனால் பாத்திரம் தேய்ப்பதுபோல வேண்டாம். முடி மெத்தென்று இருக்கிற பிரஷ்ஷாக வாங்கு. அதைப் பல்லும் ஈறும் சேருகிற கோட்டில் கொஞ்சம் சாய்த்து வைத்து, சின்னச் சின்னதாக அசைத்துத் தேய். அவசரமில்லாமல் இரண்டு நிமிஷம். காலையில் ஒரு தடவை, படுக்கப் போகும் முன் ஒரு தடவை. ராத்திரி தேய்ப்பதுதான் முக்கியம், அதற்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். நீ காலையில் மட்டும்தான் தேய்க்கிறாய், அதுவும் போனைப் பார்த்துக்கொண்டே தேய்க்கிறாய். இரண்டு நாள் இருந்தாய், பார்த்தேனே. பல் இடுக்கில் விட்டு எடுக்க நூல் இருக்கிறது, குட்டி பிரஷ்ஷும் இருக்கிறது. எது பொருந்துமோ அதை டாக்டரிடம் கேட்டு, தினம் ஒரு தடவை செய். முதல் வாரம் ரத்தம் வரும், பயந்து நிறுத்தாதே. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் டாக்டரிடம் சொல். காரை கல்லாகிவிட்டால் எந்த பிரஷ்ஷுக்கும் வராது, அதனால் ரத்தம் நின்றாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டிவிடு. கல்யாண வயதிலேயே வந்திருந்தால் ஒரு பல்லைக்கூட இழந்திருக்க மாட்டீர்கள் என்று அந்த டாக்டர் என்னிடம் சொன்னாள். உனக்கு அந்த வயது இப்போதுதான் நடக்கிறது.

வரப்போகிறவளிடம் இதையெல்லாம் வெளிப்படையாகப் பேசு. நாளைக்கு அல்லாஹ் உங்களுக்குக் குழந்தையைக் கொடுத்து, அவள் துப்பும் தண்ணீர் சிவப்பாக இருந்தால், இந்த வீட்டில் யாரும் "அப்புடித்தான் இருக்கும்" என்று சொல்ல மாட்டோம். கர்ப்பத்தில் அது பலருக்கு வரும்தான், வந்தால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு உன்னிடம் ஏதாவது குறை தெரிந்தால் சொல்லட்டும், சொன்னால் முகத்தைத் தூக்காதே. உனக்கு அவளிடம் தெரிந்தால் தனியாக இருக்கும்போது அன்பாகச் சொல். நோகுமே என்று மறைப்பது அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். உன் அத்தா என்மேல் வைத்தது அன்புதான். ஆனால் அந்த அன்பு எனக்கு வந்து சேரவே இல்லை.

உன்னை அன்றைக்கு அடித்ததற்கு இத்தனை வருடமாக மன்னிப்புக் கேட்கவில்லை. பெற்றவள் பிள்ளையிடம் கேட்பதா என்று ஒரு வீம்பு. இப்போது கேட்கிறேன். நீ சொன்னது சரி, தம்பி. நான் அடித்தது தப்பு.

வருகிற செவ்வாய்க்கிழமை கல்யாணப் பத்திரிகை எடுக்க நீ வரும்போது காலை பத்தரைக்குப் பல் டாக்டரிடம் நேரம் கேட்டு வைத்திருக்கிறேன். நான் வரவில்லை, நீ சின்னப் பிள்ளையில்லை. உன் அத்தா கூட வருவார். துணைக்கு இல்லை, அவரும் வாயைக் காட்ட வேண்டியிருக்கிறது. நேற்று சாயா குடித்துக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரித்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "ஏங்க, ஒங்க வாயில ஒரு மாதிரி வாடை வருது" என்றேன். அவர் கோபப்படவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "எம்புட்டு நாளாத் தெரியும் உனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"இப்பத்தான்" என்றேன்.